நாசிருக்கு எந்தப் படை போவது?

தென் சூடானின் வடகிழக்கில், எத்தியோப்பிய எல்லையை ஒட்டி, சோபாத் ஆற்றங்கரையில் நாசிர் என்றொரு சிற்றூர். அங்கிருந்த அரசுப் படைப்பிரிவு நெடுநாளாக மாற்றப்படாமலே கிடந்தது. 2025 தொடக்கத்தில் அதை விலக்கிக்கொண்டு புதிய படையை அனுப்பத் தலைநகர் ஜூபா முடிவு செய்தது. கூடவே அக்வெலெக், அபுஷோக் என்னும் துணைப்படைகளும் வருகின்றன என்ற செய்தி ஊரில் பரவியது. அந்த வட்டாரத்து நுவேர் மக்களுக்கு இந்தப் பெயர்களே அச்சமூட்டுபவை. அவர்கள் ஒன்றைத்தான் கேட்டார்கள்: 2018 சமாதான ஒப்பந்தத்தில் அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் கலந்த ஐக்கியப்படை என்று எழுதியிருக்கிறதே, அதை அனுப்புங்கள்.

அனுப்புவதற்கு அப்படியொரு படை முழுமையாக உருவாகியிருக்கவில்லை. மார்ச் 4 அன்று 'வெள்ளைப்படை' என்று அழைக்கப்படும் நுவேர் இளைஞர்கள் முகாமைக் கைப்பற்றினார்கள். மார்ச் 7 அன்று, சிக்கியிருந்த படைவீரர்களை மீட்கப்போன ஐ.நா. ஹெலிகாப்டர் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. விமானப் பணியாளர் ஒருவரும், மீட்கப்பட இருந்த ஜெனரல் மஜூர் டாக்கும் உயிரிழந்தார்கள். அடுத்து நாசிர் மீது வான்தாக்குதல். மார்ச் 26 இரவு, எதிர்த்தரப்பின் தலைவரும் நாட்டின் முதன்மைத் துணை அதிபருமான ரீக் மச்சார் தன் வீட்டிலேயே சிறைவைக்கப்பட்டார். நாடு மறுபடியும் உள்நாட்டுப் போரின் விளிம்பில் நிற்கிறது என்று ஐ.நா. பணிக்குழுவின் தலைவர் நிக்கோலஸ் ஹேசம் வெளிப்படையாகவே எச்சரித்தார்.

ஒரு முகாமில் எந்தப் படை இருப்பது என்ற கேள்வி மூன்று வாரத்தில் தேசத்தின் கேள்வியாகிவிட்டது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2014 முதல் உலகம் இந்த நாட்டுக்காகச் செய்த சமாதான முயற்சி அத்தனையும் கடைசியில் வந்து முட்டிய இடம் இதுதான். துப்பாக்கி யார் கையில்? அவருக்குச் சம்பளம் யார் தருவது? மற்ற எல்லாவற்றுக்கும் தேதி நீட்டிக்கொண்டே போகலாம். இந்த இரண்டு கேள்விக்கும் விடை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் போருக்குப் போய்ச்சேர்கிறது என்பதுதான் என் எண்ணம்.

பிளவு

தென் சூடான் 2011 ஜூலை 9 அன்று பிறந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 99 சதவீதம் பேர் சூடானிலிருந்து பிரிய வாக்களித்திருந்தார்கள். அதிபர் சால்வா கீர் டிங்கா இனத்தவர், துணை அதிபர் ரீக் மச்சார் நுவேர் இனத்தவர். விடுதலை இயக்கத்துக்குள்ளேயே இந்தப் பிளவுக்கு வயது அதிகம். 1991 ஆகஸ்டில் ஜான் கராங்கின் தலைமையை எதிர்த்து மச்சார் பிரிந்துபோனபோது அந்த அறிவிப்பு வெளியானது இதே நாசிரிலிருந்துதான். அதே ஆண்டு நவம்பரில் 'போர்' (Bor) என்னும் நகரில் டிங்கா மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவை எந்த ஒப்பந்தமும் துடைத்ததில்லை.

2013 ஜூலையில் கீர் மச்சாரைப் பதவிநீக்கினார். டிசம்பர் 15 இரவு ஜூபாவில் அதிபர் காவற்படைக்குள்ளேயே சண்டை மூண்டது. அடுத்த சில நாட்களில் தலைநகரில் நுவேர் மக்கள் வீடுவீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. அமைதிப்படை தன் தளங்களின் கதவைத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் உள்ளே ஓடிவந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடியிருந்தார்கள். 2018 வரையிலான போரில் ஏறத்தாழ 3,83,000 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி கணக்கிட்டது. அதில் சரிபாதியளவு நேரடி வன்முறையால், மிச்சம் பசியாலும் நோயாலும்.

நடுவர்களின் சொந்தக் கணக்கு

சமாதானப் பொறுப்பை எடுத்துக்கொண்டது இகாட் என்னும் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு. 1986இல் வறட்சியைச் சமாளிக்கத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. போர் நிறுத்தும் வேலை பிறகு தலையில் வந்து விழுந்தது. எத்தியோப்பியாவின் செயூம் மெஸ்ஃபின், கென்யாவின் ஜெனரல் லாசரஸ் சும்பெய்வோ, சூடானின் ஜெனரல் முகமது அல்-தாபி ஆகிய மூவரும் தூதர்கள். சும்பெய்வோவுக்கு இந்த வேலை புதிதல்ல. சூடானின் வடக்கு-தெற்குப் போரை முடித்த 2005 ஒப்பந்தத்தின் நடுவர் அவரே.

அண்டை நாடுகள் நடுவராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. எல்லை அவர்களுடையது, அகதிகள் போய்ச்சேர்வது அவர்களிடம், தலைவர்களின் குடும்பங்களும் வீடுகளும் பெரும்பாலும் நைரோபியிலும் கம்பாலாவிலும். அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றால் கொடுக்கமுடியும். சிக்கலும் இதே இடத்தில்தான். உகாண்டா 2013 டிசம்பரிலேயே கீருக்கு ஆதரவாகப் படையை இறக்கிவிட்டது. சூடான் மச்சார் பக்கம் சாய்ந்தது. ஒரே கூட்டமைப்பின் இரு உறுப்பினர்கள் போரின் இரு பக்கத்தில் நின்றுகொண்டே நடுவர் மேசையிலும் அமர்ந்திருந்தார்கள்.

முதல் போர்நிறுத்தம் 2014 ஜனவரி 23 அன்று அடிஸ் அபாபாவில் கையெழுத்தாகி, சில நாட்களிலேயே மீறப்பட்டது. மே 9 அன்று மறுபடி ஒன்று, அதற்கும் அதே கதி. 2015இல் ஆப்பிரிக்க ஒன்றியம், ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம், சீனா, அமெரிக்கா-பிரிட்டன்-நார்வே என்ற மூவர் அணி எல்லாம் சேர்ந்து 'இகாட் பிளஸ்' ஆனது. ஆகஸ்ட் 17 அன்று மச்சார் கையெழுத்திட்டார். கீர் ஒன்பது நாள் கழித்து ஜூபாவில், தன் ஆட்சேபங்களைத் தனிப் பட்டியலாக இணைத்துவிட்டுக் கையெழுத்திட்டார். அப்போதே அந்தப் பட்டியலை நடுவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டும். கையெழுத்து வந்ததே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒப்பந்தம் பதவிகளைச் சதவீதமாகப் பிரித்தது: மத்திய அமைச்சரவையில் அரசுக்கு 53, மச்சார் அணிக்கு 33, 'முன்னாள் கைதிகள்' என்னும் அணிக்கும் (2013இல் சிறைவைக்கப்பட்டிருந்த ஆளுங்கட்சித் தலைவர்கள்) மற்றக் கட்சிகளுக்கும் தலா 7. மாநிலங்களுக்கும் இதேபோல் ஒரு கணக்கு இருந்தது; அது 10 மாநிலங்களை வைத்துப் போட்ட கணக்கு. கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள், அக்டோபரில், கீர் ஓர் ஆணையால் 10 மாநிலங்களை 28 ஆக்கினார். புதிய எல்லைகள் எந்த இனத்துக்கு எந்த நிலம், எந்த எண்ணெய் வயல் என்பதையே மாற்றிவிட்டன. ஒப்பந்தத்தின் ஒரு வரியைக்கூட அழிக்காமல் அதன் அடித்தளத்தை உருவிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

3,420-ம் 1,370-ம்

2016 ஜூலையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். பின்னால் வந்த பிழைகள் எல்லாவற்றுக்கும் விதை இதில் இருக்கிறது.

மச்சார் ஜூபாவுக்குத் திரும்பினால்தான் கூட்டரசு. திரும்பினால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு? இதற்கு ஒப்பந்தம் கண்ட வழி: இரு தரப்பும் தலைநகரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் படை வைத்துக்கொள்ளலாம். அரசுக்கு 3,420 பேர், மச்சாருக்கு 1,370 பேர். மற்ற படைகள் அனைத்தும் நகரிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட வேண்டும். காகிதத்தில் துல்லியமான ஏற்பாடு.

நடைமுறையில் மூன்று இடங்களில் அது ஓட்டையாக இருந்தது. முதலாவது, எண்ணிப் பார்ப்பதற்கு ஆள் இல்லை. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு முகாம்களுக்குள் போகக் கேட்டால் வாயிலிலேயே தடுக்கப்பட்டது. அரசுப் படையின் பெரும்பகுதி நகரைவிட்டு நகரவில்லை. கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரிந்த இந்த உண்மை அறிக்கையில் 'சரிபார்க்க இயலவில்லை' என்ற அளவிலேயே நின்றது. இரண்டாவது, இடம். மச்சாரின் முகாம் ஜூபாவின் மேற்கே, ஜெபல் மலையடிவாரத்தில், ஐ.நா. தளத்துக்குப் பக்கத்திலேயே அமைந்தது. சண்டை வந்தால் குண்டு எங்கே விழும் என்று வரைபடத்தைப் பார்த்த எவரும் சொல்லியிருக்கலாம். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: இருவருக்கும் நடுவே நிற்க மூன்றாவது படை இல்லை.

2016 ஏப்ரல் 26 அன்று மச்சார் வந்து இறங்கினார். ஜூலை 7 அன்று ஒரு சோதனைச்சாவடியில் துப்பாக்கி வெடித்தது. மறுநாள் அதிபர் மாளிகைக்குள் கீரும் மச்சாரும் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருவரின் மெய்க்காவலர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அடுத்த நாட்களில் பீரங்கியும் ஹெலிகாப்டரும் இறங்கின. ஐ.நா. தளத்தில் தஞ்சமிருந்த மக்கள் மீது குண்டுகள் விழுந்தன. சீன அமைதிப்படை வீரர்கள் இருவர் இறந்தார்கள். ஜூலை 11 அன்று, உதவிப்பணியாளர்கள் தங்கியிருந்த டெரெய்ன் விடுதிக்குள் அரசுப் படையினர் புகுந்து கொலையும் பாலியல் வன்கொடுமையும் செய்தார்கள். உதவி கேட்டு அழைப்பு மேல் அழைப்பு போயும் அருகிலிருந்த அமைதிப்படை கிளம்பவில்லை. பின்னர் நடந்த விசாரணையை அடுத்து அமைதிப்படைத் தளபதி நீக்கப்பட்டார். கோபமடைந்த கென்யா தன் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

4,000 பேர் கொண்ட வட்டாரப் பாதுகாப்புப் படைக்கு ஐ.நா. பாதுகாப்பு அவை ஆகஸ்ட் 12 அன்று ஒப்புதல் கொடுத்தது. அதற்குள் மச்சார் ஜூபாவைவிட்டுத் தப்பிவிட்டார்; காடுவழியாக நடந்து சில நாட்களில் காங்கோ போய்ச் சேர்ந்தார். அவர் நாற்காலியில் தபான் டெங் காய் அமர்த்தப்பட்டிருந்தார். நடுவில் நிற்கும் படை முதலில் வந்து, அதன்பிறகு தலைவர் திரும்பியிருக்க வேண்டும். வரிசை தலைகீழானது.

இதைச் சரியான வரிசையில் செய்த நாடு தொலைவில் இல்லை. புருண்டியில் நெல்சன் மண்டேலா நடுவராக இருந்து 2000 ஆகஸ்டில் முடித்த அருஷா ஒப்பந்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்த தலைவர்கள் திரும்ப அஞ்சினார்கள். தென்னாப்பிரிக்கா 2001இல் ஏறத்தாழ 700 வீரர்களை அனுப்பியது. அவர்களின் வேலை ஒன்றே ஒன்று: திரும்பிவரும் அரசியல்வாதிகளின் உயிரைக் காப்பது. பெரிய படையாக இல்லாமலும் அது போதுமானதாக இருந்தது. தலைவர்கள் தத்தம் படையோடு தலைநகருக்குள் வரவேண்டிய தேவையையே அது இல்லாமலாக்கியது.

எழுதிவைப்பவர்களின் அதிகாரம்

கண்காணிப்புக் குழு என்ற சொல்லைக் கேட்டதும் இலங்கைத் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது வேறொரு நாடு. 2002 பிப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டின் கீழ் இலங்கைக்கு வந்த கண்காணிப்புக் குழு நார்டிக் நாட்டு ஆயுதமற்ற கண்காணிப்பாளர்களைக் கொண்டது. மீறல்களைப் பதிந்தது, எண்ணிச் சொன்னது. நிறுத்தும் அதிகாரம் அதனிடம் இல்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், ஒன்றிய நாட்டவர் வெளியேறவேண்டும் என்று புலிகள் கேட்க, குழு நார்வே, ஐஸ்லாந்து என்று சுருங்கிப்போய், 2008 தொடக்கத்தில் முடிந்தது. அங்கே ஏற்பாட்டாளராக இருந்த நார்வேதான் தென் சூடானின் மூவர் அணியிலும் இருக்கிறது.

இரண்டு நாடுகளின் போரும் வேறு, காரணங்களும் வேறு. கண்காணிப்பின் நோய் மட்டும் ஒன்றுதான். மீறலைப் பதிவுசெய்தால் அது ஒரு கூட்டத்துக்குப் போகும். கூட்டம் கவலை தெரிவிக்கும். கவலைக்கு விலை இல்லையென்றால் மூன்றாவது, நான்காவது மீறலில் தளபதிகளுக்கு அது பழகிவிடும். பதிவுசெய்த அறிக்கை எத்தனை நாளில், யாருடைய மேசைக்குப் போய், அங்கே எந்தத் தானியங்கி விளைவைக் கிளப்பும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் கண்காணிப்பாளர் வரலாற்றாசிரியராக மட்டுமே இருப்பார்.

விளைவு என்று எடுத்துக்கொண்டால் பாதுகாப்பு அவையிடம் இருந்தது ஆயுதத் தடை. 2016 டிசம்பர் 23 வாக்கெடுப்பில் ஆதரவு 7, நடுநிலை 8, தேவை 9. தோற்றது. 2018 ஜூலை 13 அன்று சரியாக 9 வாக்கில் நிறைவேறியது. நான்கரை ஆண்டுப் போருக்குப் பிறகு ஒரே ஒரு வாக்கின் விளிம்பில் வந்த தடை அது. 2025 மே மாத நீட்டிப்பும் அதே 9 வாக்கில்தான் தப்பித்தது.

கார்ட்டூமில் முடிந்த பேரம்

2018இல் சூழல் மாறியது. சூடான் அதிபர் ஒமர் அல்-பஷீரும் உகாண்டா அதிபர் யோவேரி முசெவேனியும் நேரடியாக இறங்கினார்கள். ஜூன் 27 அன்று கார்ட்டூம் அறிவிப்பு, செப்டம்பர் 12 அன்று அடிஸ் அபாபாவில் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம். ஆண்டுக்கணக்கில் நகராதது இரண்டரை மாதத்தில் முடிந்தது. காரணம் வெளிப்படை. துப்பாக்கி கொடுத்தவர்கள், புகலிடம் கொடுத்தவர்கள் இருவரும் மேசைக்கு வந்துவிட்டார்கள். பஷீருக்கு எண்ணெய் வேண்டும்: தென் சூடானின் எண்ணெய் சூடான் வழியாகக் குழாயில்தான் கடலுக்குப் போகமுடியும், வயல்கள் போரில் மூடிக்கிடந்தால் கார்ட்டூமுக்கும் வருமானம் இல்லை.

அதனால் இந்த ஒப்பந்தத்தை நான் மட்டமாக மதிப்பிடமாட்டேன். பெரிய அளவிலான சண்டையை அது நிறுத்தியது, பலருடைய உயிர் மிஞ்சியது. ஆனால் எல்லாரையும் உள்ளே இழுக்கக் கொடுத்த விலை கனமானது. ஐந்து துணை அதிபர்கள், 35 அமைச்சர்கள், 550 நாடாளுமன்ற உறுப்பினர்கள். பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத கருவூலம் இத்தனை பதவிகளைத் தாங்கவேண்டும். வேறொரு விலையும் உண்டு: ஆயுதம் எடுத்தால் பதவி கிடைக்கும் என்ற பாடம்.

எட்டு மாத முன்தயாரிப்பு, பிறகு 36 மாத இடைக்கால அரசு என்பது திட்டம். எட்டு மாதம் 2019 மே மாதத்தில் முடிந்தது, வேலை முடியவில்லை. ஆறு மாதம் நீட்டினார்கள். அதற்குப் பிறகு 100 நாள். இதற்கிடையே 2019 ஏப்ரல் 11 அன்று போப் பிரான்சிஸ் வத்திக்கானில் மண்டியிட்டுத் தென் சூடான் தலைவர்களின் காலை முத்தமிட்டார். அதே நாளில்தான் கார்ட்டூமில் பஷீர் ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டார். ஒப்பந்தத்துக்கு ஜாமீன் நின்ற இருவரில் ஒருவர் போய்விட்டார். மச்சாரின் பக்கத்துக்கு நிறைகொடுத்த தராசுத்தட்டு அன்று லேசானது. அந்த இடத்தை வேறெந்த நாடும் நிரப்பவில்லை என்பதைப் பின்னாளில்தான் பலர் உணர்ந்தார்கள்.

2020 பிப்ரவரியில் கீர் மாநிலங்களை மறுபடி 10 ஆகக் குறைத்து, மூன்று நிர்வாகப் பகுதிகளைச் சேர்த்தார். பிப்ரவரி 22 அன்று கூட்டரசு அமைந்தது. 2023 பிப்ரவரியில் முடிய வேண்டிய இடைக்காலம் 2025க்கும், பிறகு 2027க்கும் தள்ளப்பட்டு, தேர்தல் 2026 டிசம்பர் என்று குறிக்கப்பட்டது.

83,000 பேர்

ஒப்பந்தத்தின் இரண்டாம் அத்தியாயம் பாதுகாப்பைப் பற்றியது. முழுக் கட்டடமும் நிற்கும் தூண் அதுதான். 83,000 பேர் கொண்ட ஐக்கியப்படை, ராணுவம், காவல், உளவு, சிறை எல்லாம் சேர்த்து. வேலை நான்கு படிகளில் நடக்க வேண்டும்: ஆட்களை அவரவர் முகாமில் கூட்டிப் பதிவுசெய்வது, தகுதி பார்த்துத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி மையங்களில் கலந்து பயிற்றுவிப்பது, பட்டம் கொடுத்து, ஆயுதமும் சம்பளமும் ஒரே கட்டளையும் கொடுத்து அனுப்புவது.

முதல் படியிலேயே சரிந்தது. முகாமில் சாப்பாடு இல்லை, மருந்து இல்லை, மழைக்குக் கூரை இல்லை. பசியால் ஆட்கள் கலைந்தார்கள். இன்னொரு பக்கம், படையில் இடமும் சம்பளமும் கிடைக்கும் என்று எப்போதும் துப்பாக்கி பிடிக்காதவர்கள் வந்து பெயர் கொடுத்தார்கள். அரசோ தன் சிறந்த பிரிவுகளை முகாமுக்கே அனுப்பவில்லை. அதிபர் காவற்படையும் தேசியப் பாதுகாப்புப் பிரிவும் வெளியிலேயே இருந்தன. இரு தரப்பும் இரண்டாம் தர ஆட்களைக் கலக்கக் கொடுத்துவிட்டு முதல் தரத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டன. நம்பிக்கை இல்லாத இடத்தில் எவரும் இப்படித்தான் செய்வார். அதனால்தான் பதிவேட்டில் எத்தனை தலை என்று எண்ணுவதோடு நில்லாமல், எந்தப் பிரிவு வந்தது, என்ன ஆயுதத்தோடு வந்தது என்று நடுவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

பயிற்சியில் பலர் மரத்தால் செய்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அணிவகுத்தார்கள். உயர் கட்டளையில் அரசுக்கு 60, மற்றவர்களுக்கு 40 என்று ஒரு சதவீதத்தில் உடன்படவே 2022 ஏப்ரல் ஆனது. முதல் அணி 2022 ஆகஸ்ட் 30 அன்று பட்டம் பெற்றது. ஆயுதத் தடை இருப்பதால் இவர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கமுடியவில்லை என்று அரசு சொன்னது. பழைய படைக்குத் துப்பாக்கி குறையவில்லை. சிறு சிறு அணிகளாகச் சிலர் அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலானோர் காத்திருந்து வீடு திரும்பினார்கள்.

முகாம்களுக்குச் சோறுபோடும் செலவை ஏற்க மேற்கு நாடுகள் தயங்கின. எண்ணெய்ப் பணம் எங்கே போகிறது என்று தெரியாத அரசின் படைக்கு எங்கள் வரிப்பணமா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. 2022 ஜூலையில் அமெரிக்கா, முன்னேற்றம் இல்லை என்று சொல்லிக் கண்காணிப்பு அமைப்புகளுக்கான நிதியையும் நிறுத்தியது. நியாயமான கோபம்தான், ஆனால் அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். தலைவர்களைத் தண்டிக்க நினைத்து, நடப்பதைப் பார்த்து எழுதும் சிலரின் வண்டிக்கு டீசலை நிறுத்தியதாயிற்று.

மெழுகு உறைந்த குழாய்

அரசின் வருமானத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் எண்ணெய். முக்கியக் குழாயில் ஓடும் 'டார்' வகை எண்ணெயில் மெழுகு அதிகம். வழிநெடுகச் சூடாக்கி அழுத்திக்கொண்டே போகாவிட்டால் உறைந்துவிடும். 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்தது. 2024 பிப்ரவரியில், போர்முனைக்கு அருகே இருந்த அழுத்த நிலையங்களுக்கு டீசல் போய்ச்சேராமல் எண்ணெய் உறைந்து குழாய் வெடித்தது. நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பங்கு ஏறத்தாழ ஓராண்டு நின்றுபோனது. படைவீரருக்கும் அரசு ஊழியருக்கும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை.

இதைப் பொருளாதாரச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. கீரின் ஆட்சி தளபதிகளைப் பணத்தால் கட்டிவைத்திருந்த ஆட்சி. பணம் நின்றதும் கட்டு தளர்ந்தது. கைக்குள் இருக்கும் சில பிரிவுகளுக்கு மட்டும் சோறு போடமுடியும் என்ற நிலையில், எதிர்த்தரப்பை உள்ளே வைத்துக்கொள்ளும் செலவு சுமையாகிவிடுகிறது. 2025 மார்ச்சுக்கு முன்பே தூதர்கள் படித்திருக்க வேண்டிய அடையாளம் இந்தக் குழாய்தான்.

இந்தக் கதையில் இந்தியாவும் இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. விதேஷ் தென் சூடானின் கிரேட்டர் பயனியர் கூட்டு நிறுவனத்தில் 25 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. அமைதிப்படைக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2013 ஏப்ரலில் ஜோங்லே மாநிலத்தில் பதுங்கித் தாக்கியவர்களிடம் இந்திய வீரர்கள் ஐவர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அகோபோ தளத்தை ஆயுதக் கும்பல் சூழ்ந்தபோது இருவர் இறந்தார்கள். உயிரும் கொடுத்து, எண்ணெயிலும் பங்கு வைத்திருக்கும் புது டெல்லி, அரசியல் பேச்சில் மட்டும் ஓரமாகவே நிற்கிறது.

மார்ச்சில் யார் யார் வந்தார்கள்

2025 மார்ச் 12 அன்று இகாட் தலைவர்கள் இணையவழியில் அவசரமாகக் கூடி, அதற்குள் கைதாகியிருந்த மச்சார் அணியினரை விடுவிக்கக் கேட்டார்கள். அதற்கு முந்தின நாளே உகாண்டாவின் முப்படைத் தளபதி முகூசி கைனெருகாபா, தன் சிறப்புப் படை ஜூபாவில் இறங்கிவிட்டதாக அறிவித்திருந்தார். கீரைத் தொட்டால் உகாண்டாவைத் தொட்டதாகும் என்றும் சொன்னார். ஜூபா முதலில் மறுத்தது, பிறகு ஒப்புக்கொண்டது. ஜெர்மனியும் நார்வேயும் தூதரகங்களை மூடின. அமெரிக்கா அவசியமற்ற ஊழியர்களை வெளியேற்றியது.

கென்யா தன் முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்காவை அனுப்பியது. மார்ச் 28 அன்று அவர் கீரைச் சந்தித்தார். மச்சாரைச் சந்திக்க அனுமதி கிடைக்கவில்லை. அங்கிருந்து அவர் நேரே போனது முசெவேனியிடம். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மூத்தோர் குழு வந்தது. முசெவேனியே ஜூபா வந்து போனார். நைரோபியில் 2024 முதல் நடந்த 'துமாயினி' பேச்சுவார்த்தை, 2018 ஒப்பந்தத்துக்கு வெளியே நின்ற அணிகளைச் சேர்ப்பதற்காகத் தொடங்கியது. அதுவும் மச்சார் அணியின் ஆட்சேபத்தால் முன்பே முடங்கியிருந்தது.

ஜாமீன் நின்றவரே கடன்காரர் பக்கம் போய் உட்கார்ந்தால் வழக்கு யாரிடம் போவது? ஒப்பந்தத்தில் உத்தரவாத நாடாகக் கையெழுத்திட்ட உகாண்டா, பாதுகாப்பு அவையின் ஆயுதத் தடை நடப்பில் இருக்கும்போதே படையும் தளவாடமும் இறக்கியது. அந்த மாதத்தில் எத்தனை தூதர் வந்தாலும், அவர்களின் சொல்லைவிட ஜூபா விமானநிலையத்தில் நின்ற அந்தப் படை கீருக்குத் தெளிவான செய்தியாக இருந்தது: விட்டுக்கொடுக்க அவசியமில்லை.

இந்தக் கட்டத்தில் வெளியுலகம் கேட்டிருக்க வேண்டியவை சிறியவை, சரிபார்க்கக்கூடியவை. மச்சாரைத் தூதர்கள் தனியாகச் சந்திக்கும் உரிமை. நாசிர், உலாங், ஃபங்காக் பகுதிகளில் வான்தாக்குதல் நிறுத்தம். விமானம் பறந்ததா இல்லையா என்பதை யாராலும் மறைக்கமுடியாது. சோபாத் ஆற்றில் உணவுப் படகுகளுக்கு வழி. அக்வெலெக் படையைத் திரும்பப்பெற்று, எத்தனை சிறியதாக இருந்தாலும் ஐக்கியப்படையில் ஓர் அணியை, இரு தரப்பும் ஏற்கும் தளபதியின் கீழ், ஐ.நா.வின் துணையோடு நாசிரில் நிறுத்துவது. 'அனைத்துத் தரப்பும் நிதானம் காக்கவேண்டும்' என்ற அறிக்கையைவிட இவை கடினமான கோரிக்கைகள், ஏனென்றால் மறுத்தவர் யார் என்று மறுநாளே தெரிந்துவிடும். மே 3 அன்று பழைய ஃபங்காக்கில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீதே குண்டு விழுந்தது. அந்த மாவட்டத்துக்கு இருந்த ஒரே மருத்துவமனை அது.

செப்டம்பரில் மச்சார் மீது கொலை, தேசத்துரோகம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று வழக்குப் பதிவானது. நாசிர் முகாமில் 250க்கும் மேற்பட்ட படைவீரர்கள் கொல்லப்பட்டதற்கு அவரே பொறுப்பு என்பது அரசுத் தரப்பின் வாதம். செப்டம்பர் 22 அன்று ஜூபாவின் சுதந்திர மண்டபத்தில், கம்பிக்கூண்டுக்குள் ஏழு பேரோடு அவர் உட்காரவைக்கப்பட்டார். இந்த நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று அவருடைய வழக்கறிஞர்கள் எழுந்து சொன்னார்கள். போர்க்குற்றங்களை விசாரிக்க ஆப்பிரிக்க ஒன்றியம் அமைக்கும் கலப்பு நீதிமன்றம் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. 2015இலும் அப்படித்தான் எழுதியிருந்தது, 2018இலும் அப்படித்தான். அந்த நீதிமன்றத்துக்கு இன்னும் ஒரு நீதிபதிகூட நியமிக்கப்படவில்லை.